பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தது யார்?

"விஞ்ஞானம் எல்லை மீறிப் போய்விட்டது." பட்டிமன்ற மேடையிலும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு. காற்று கெட்டாலும் விஞ்ஞானம், சோறு நஞ்சானாலும் விஞ்ஞானம் என்று முடித்துவிடுகிறோம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. குற்றவாளியைத் தப்பவிட்டுச் சாட்சியைக் கூண்டில் ஏற்றும் பேச்சு இது.

ஈயப் பெட்ரோலின் கதையைப் பாருங்கள். 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைக் கொஞ்சம் கலந்தால் என்ஜின் தட்டுவது நிற்கும் என்று கண்டார். ஈயம் நஞ்சு என்பது ரோமானியர் காலத்திலேயே தெரிந்த சங்கதி. எரிசாராயம் கலந்தாலும் என்ஜின் தட்டாது என்பது மிட்ஜ்லிக்கும் தெரியும். சாராயத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஈயக் கலவைக்கு முடியும். அதற்கு 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் இல்லை.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அதே மாதக் கடைசியில் மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கைகழுவி, முகர்ந்தும் காட்டினார். முந்தைய ஆண்டுதான் ஈய நஞ்சு ஏறி அவரே ஓய்வெடுக்கப் போயிருந்தார்! 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார். எடுபடவில்லை. இடையில் நிறுத்திவைத்திருந்த விற்பனை மறு ஆண்டே மீண்டும் தொடங்கியது.

மிட்ஜ்லியும் விஞ்ஞானிதான், மறுக்கவில்லை. ஆனால் கேடு வந்தது அவர் அளவுக்கு மீறி அறிந்ததாலா, அறிந்ததை மறைத்ததாலா?

அந்த மறைப்பை உடைத்ததும் விஞ்ஞானமே. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் கணித்த கிளேர் பேட்டர்சன், பாறையிலுள்ள ஈயத்தை அளக்கப் போய், தன் ஆய்வகத் தூசியில்கூட ஈயம் அப்பிக் கிடப்பதைக் கண்டு திகைத்தார். கடல்நீரையும் துருவப் பனியையும் சோதித்து, அது எங்கிருந்து வருகிறது என்று துப்புத் துலக்கினார். எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து வந்த ஆய்வு நிதி நின்றது. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971-இல் அமைந்த தேசியக் குழுவில், அதை எவரையும்விட நன்கறிந்த அவருக்கு இடமில்லை.

விஞ்ஞானத்துக்கு அணை போடச் சொல்கிறவர்களே, எந்த விஞ்ஞானத்துக்கு? ஆராய்ச்சியை அன்று நிறுத்தியிருந்தால் மிட்ஜ்லியின் ஈயம் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கும். பேட்டர்சனின் அளவுகோல்தான் பிறந்திருக்காது. ஈயம் குறைக்கப்பட்ட பின், 1970-களின் கடைசியிலிருந்து 1991-க்குள் அமெரிக்கர்களின் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு முக்கால் பங்குக்கு மேல் இறங்கியது. அதை அளந்து சொன்னதும் ஆய்வகம்தான்.

இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில். அதுவரை நம் பிள்ளைகள், மூளை வளரும் வயதில், அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். கடைசியாக அல்ஜீரியாவின் பெட்ரோல் பங்க்குகளில் அது தீர்ந்தது 2021-இல், மிட்ஜ்லி கண்டுபிடித்து நூறாவது ஆண்டில். சிறிய பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் இன்றும் ஈயம் கலக்கிறார்கள்.