மலையேறுவது உடற்கல்வி அல்ல



"தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு உடற்கல்வி? தினமும் மலையேறி இறங்கித்தானே பள்ளிக்கூடம் வருகிறான். அந்தப் பயிற்சி போதாதா?"

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இந்தப் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதிகாரிகள் சொல்கிறார்கள், ஆசிரியர்களில் சிலர் சொல்கிறார்கள், பெற்றோரிலும் சிலர் தலையாட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டு சொல்வதால் இது சின்னப் பேச்சாகத் தெரிகிறது. தோட்டத்து உடம்பு உழைக்கப் பிறந்தது, அதற்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை என்ற பழைய எண்ணம் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

பத்து மணிவரை பிள்ளை, அதற்குப் பிறகு வேலையாள்

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. 6 வயதுக்கும் 10 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக்கூடாது என்றும் சொன்னது. இந்த ஏற்பாட்டை இன்னொரு முறை வாசியுங்கள். பத்து மணிவரை பிள்ளை படிக்கலாம். பத்து மணிக்குப் பிறகு அந்தச் சின்ன உடம்பு தோட்டத்துக்குச் சொந்தம்! லயத்தோரத்தில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான் அன்றைய பள்ளிக்கூடம். உடம்புக்கான பாடத்தை மலையிலே கங்காணி நடத்தினார்.

1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பிறகு சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. நம் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள், பல்கலைக்கழகம் போனார்கள். இவை போராடிப் பெற்றவை. ஆனால் அன்று பத்து மணிக்கு முடிந்த பாடத்தில் விளையாட்டுக்கு இடமிருக்கவில்லை. இன்று முழு நேரம் நடக்கும் பாடத்திலும் பல தோட்டப் பாடசாலைகளில் அதற்கு இடமில்லை.

நடை எதைக் கற்றுத்தரும்?

நடப்பதால் காலுக்குப் பலம் வரும். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வயது முதல் பத்து வயதுவரை ஒரு பிள்ளையின் உடம்பு கற்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஓடிக்கொண்டே திரும்புவது, குதித்துக் காலை மடக்கி இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, எறிவது, பிடிப்பது, தாளத்துக்கு ஏற்ப அசைவது. பந்தை யாராவது எறிந்தால்தான் பிள்ளை பிடிக்கப் பழகும். படி ஏறி ஏறிப் பந்து பிடிக்கப் பழக முடியாது. தோளும் மணிக்கட்டும் விரலும் பழகிய பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பதும் சுலபம். என் முறை எது, உன் முறை எது, தோற்றால் அழாமல் இருப்பது எப்படி, வென்றால் கேலி பண்ணாமல் இருப்பது எப்படி என்பதையும் சின்ன வயதில் விளையாட்டுத்தான் பழக்குகிறது.

புத்தகப் பையின் பாரத்தோடு, அட்டைக்கடியோடு, மழையில் நனைந்து ஒழுங்கையில் வழுக்கி வழுக்கி வருவது பயிற்சி அல்ல, கஷ்டம். ரோட்டும் பஸ்ஸும் இல்லாத குறையைப் பாடத்திட்டத்தின் பெயரில் மூடப் பார்க்கிறார்கள்.

ஒரு கேள்வி கேட்போம். மலையேறுவதே உடம்பை வளர்க்கும் என்றால், இந்த நாட்டிலேயே நோயில்லாத உடம்பு நம் தாய்மார்களுடையதாக அல்லவா இருக்க வேண்டும்? காலையில் பெரட்டு முடிந்து மலையேறினால் பொழுது சாயும்வரை சரிவில் நிற்கிறார்கள். அவர்களுடைய கழுத்தும் இடுப்பும் முழங்காலும் படும் பாடு எல்லா லயத்துக்கும் தெரியும். பாரத்தை எப்படித் தூக்குவது, எப்படிக் குனிவது, உடம்பு வலித்தால் அது என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தோட்டம் அவர்களின் உடம்பை முழுப் பேர், அரைப் பேர் என்று மட்டுமே எண்ணியது. தன் உடம்பைத் தானே அறிந்த ஒரு தலைமுறை வர வேண்டுமானால் அந்தப் பாடம் 1ஆம் தரத்தில் தொடங்க வேண்டும்.

பாடத்திட்டம் சொன்னது வேறு

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1ஆம், 2ஆம் தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. 3ஆம், 4ஆம் தரங்களில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் சமமாக வர வேண்டும் என்றது. 5ஆம் தரத்தில்தான் எழுத்து வேலை கூடுதலாக வரும். 6ஆம் தரத்திலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் என்று தனிப் பாடம் இருக்கிறது. அதற்குக் கீழே வகுப்பாசிரியரே அதைச் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் ஏமாற்றப்படுகிறார்கள். தனிப் பாடமாக இல்லாததால் தனி ஆசிரியர் இல்லை. தனி ஆசிரியர் இல்லாததால் கேட்பாரும் இல்லை. தடுப்புச் சுவர் இல்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு நடக்கும்போது ஒரு வகுப்பு எழுந்து ஆடினால் மற்ற இரண்டு வகுப்பும் குழம்பும். ஆகவே "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பதே நடைமுறையாகிவிட்டது. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அவர்களுக்குப் பயிற்சியும் இடமும் பந்தும் கொடுக்காதவர்கள் மேலே இருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக ஓடியாடும் அசைவு வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கை, தன் 31ஆம் உறுப்புரையில் விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்று எழுதியிருக்கிறது. இலங்கை 1991இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. கொழும்புப் பிள்ளைக்கும் கொட்டகலைப் பிள்ளைக்கும் அந்த உறுப்புரை ஒன்றுதான்.

மூன்று சாக்குகள்

முதலாவது, "சாப்பாடே சரியில்லாத பிள்ளையை ஓட விடுவதா?" இதில் ஓர் உண்மை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அளந்து பார்த்தது. நாடு முழுவதும் 17.3 வீதமான பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 வீதம். ஏறக்குறைய மூன்று பிள்ளைக்கு ஒன்று! இந்தக் கணக்கைக் காட்டி விளையாட்டை நிறுத்துவது, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்தையும் நிறுத்துவது போன்றது. உணவும் வேண்டும், அசைவும் வேண்டும். எலும்பும் தசையும் இரண்டையும் வைத்தே வளர்கின்றன. வெறும் வயிற்றோடு ஓட்டப்பந்தயம் வைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. பாடசாலை உணவு ஒழுங்காக வரட்டும், அதைச் சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பிள்ளை விளையாடட்டும். பலவீனமான பிள்ளைக்கு எது தகும், நடக்க முடியாத பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது பயிற்சி பெற்ற ஆசிரியருக்குத் தெரியும். அதற்காகவே பயிற்சி கேட்கிறோம்.

இரண்டாவது, "ஸ்கொலர்ஷிப் பரீட்சை இருக்கிறதே." பெற்றோர்களே, இது நம் வீட்டுக்குள் இருக்கும் சாக்கு. மூன்றாம் தரத்திலேயே ரியூஷன், பின்னேரம் ரியூஷன், சனி ஞாயிறும் ரியூஷன். நம் பிள்ளை தேயிலைச் செடிக்கடியில் போய்விடக்கூடாது என்ற பயம் நமக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறவர்கள் வகுப்பில் சிலர்தான். மற்றவர்களின் ஐந்து வருடத்தையும் அந்தச் சிலரின் பெயரால் பூட்டி வைக்கிறோம். தாண்டுகிற பிள்ளைக்கும் நாலு மணி நேரம் வாங்கில் அசையாமல் இருந்தால் புத்தி மந்தமாகும். அரை மணி நேரம் ஓடியாடி வந்த பிள்ளை அடுத்த பாடத்தைக் கவனிப்பதை நல்ல ஆசிரியர் எவரும் சொல்வார்.

மூன்றாவது, "மலைநாட்டில் சமதரை எங்கே இருக்கிறது?" இதைச் சொல்கிறவர்கள் நானுஓயாவுக்குப் பக்கத்தில் உள்ள ரதல்ல மைதானத்தைப் போய்ப் பார்க்கட்டும். டிக்கோயாப் பக்கம் தரவளை கிளப் மைதானத்தைப் பார்க்கட்டும். துரைமார் கிரிக்கெட்டும் ரகரும் ஆடுவதற்கு இதே மலையில்தான் பச்சைத் தரை விரிந்தது. ஸ்டோருக்குச் சமதரை கிடைத்தது. பங்களாப் புல்வெளிக்குச் சமதரை கிடைத்தது. காலையில் நம்மை வரிசையில் நிறுத்திப் பேர் போடப் பெரட்டுக்களமும் கிடைத்தது. பிள்ளை ஓட மட்டும் தரை கிடைக்கவில்லையாம்!

காணி யாருடையது என்பதையும் மறக்க வேண்டாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிகள் குத்தகைக்காரர்கள். காணி அரசுடையது, பாடசாலையும் அரசுடையது. சொந்தக் காணியிலிருந்து சொந்தப் பாடசாலைக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுக்க அரசுக்கு என்ன தயக்கம்? தோட்டப் பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் என்று பல காலமாகப் பேசுகிறார்கள். அளந்து கல் நட்டுக் கொடுக்கட்டும்.

வருடத்தில் ஒரு நாள் போதாது

"இல்ல விளையாட்டுப் போட்டி வைக்கிறோமே" என்று சிலர் சொல்வார்கள். வைக்கிறார்கள். ஏற்கனவே ஓடத் தெரிந்த பிள்ளைகள் ஓடுகிறார்கள். மற்றவர்கள் மேட்டில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். போட்டிக்கென்று நிறமான ரீசேர்ட்டுக்குக் காசு கேட்டால், காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்குத் தலைவலி வந்துவிடும். உடற்கல்வி எல்லாப் பிள்ளைக்கும் உரியது. அதிலும் மெதுவாக ஓடுகிற பிள்ளைக்கும் பயந்து ஒதுங்குகிற பிள்ளைக்குமே அது முதலில் தேவை.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். தம்பியைத் தூக்கு, பீலியில் தண்ணீர் பிடி, விறகு பொறுக்கு. எட்டு ஒன்பது வயதிலேயே "பொம்பளைப் பிள்ளை, குதிக்காதே" என்கிறோம். அதே பிள்ளை பெரியவளானதும் சரிவில் கூடையோடு நிற்க வேண்டும் என்றால் அப்போது யாருக்கும் வெட்கமில்லை. வேலைக்கு ஆகும் கால், விளையாட்டுக்கு ஆகாதா?

நாம் கேட்பது

1. 1 முதல் 5 வரையான ஒவ்வொரு வகுப்புக்கும் தினமும் ஒரு பாடவேளை அசைவுக்கும் விளையாட்டுக்கும். அதை நேரசூசியில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வேறு பாடத்துக்கு அதைப் பறிக்கக்கூடாது.

2. ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்குச் சிறு பிள்ளைகளின் உடற்கல்வியில் முறையான பயிற்சி.

3. மைதானம் இல்லாத ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் காணி. அது வரும்வரை பெரட்டுக்களத்தையும் தோட்டத்தின் பொதுத் தரையையும் பாடசாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

4. மழைக்காலத்துக்கு ஒரு கூரை. மே மாதம் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் உள்ள பிரதேசத்தில் திறந்த மைதானம் மட்டும் போதாது.

5. பந்து, கயிறு, வளையம் அரசின் செலவில். உடுப்புக்கும் ரீசேர்ட்டுக்கும் பெற்றோரிடம் காசு வசூலிப்பதை நிறுத்த வேண்டும்.

இவற்றில் முதலாவதற்கு ஒரு சதமும் செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம். தரையில் சுண்ணக்கட்டியால் பாண்டிக் கட்டம் கீறலாம். கிளித்தட்டுக்குக் கோடு போடலாம். பழைய துணியில் பந்து சுற்றலாம். இவை நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்கள்தான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் எல்லோரும் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டாம். எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்புக்கு விளையாட்டு நேரம் எப்போது? அதை யார் நடத்துகிறார்? எங்கே நடத்துகிறார்? பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் தோட்டத் தலைவர் வழியாகச் சங்கத்துக்கு எழுதுங்கள். வலயக் கல்விக் காரியாலயத்தில் அதை எடுத்துப் பேசுவது சங்கத்தின் வேலை.

200 வருடமாக நம் உடம்பை மற்றவர்கள் எண்ணிக் கணக்கெழுதினார்கள். நம் பிள்ளையின் உடம்பு முதலில் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாகட்டும். அவன் ஓடட்டும், அவளும் ஓடட்டும்!