வேலிக் காந்தளைத் தோண்ட வேண்டாம்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலாவது இதுவே. ஆனால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டார விவசாயிக்கு இது கண்வலிக் கிழங்கு. விதை விற்றுக் காசாகும் பயிர். காட்டிலும் கிளுவை வேலியிலும் தானாக வளர்ந்த கொடியைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து, பந்தல் கட்டிப் பயிராக்கியவர்கள் விவசாயிகளே.

இந்தப் பயிரில் முதற்செலவு பெரிது. அதில் பெரும்பகுதி விதைக் கிழங்குக்கே போய்விடுகிறது. அதனால்தான் மழை பெய்து வேலியில் கொடி தலை நீட்டியதும் கடப்பாரையும் சாக்குமாகப் புறப்படும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. காசு கொடுக்காமல் கிடைக்கிறதே என்று தோன்றும். உண்மையில் இது நட்டக் கணக்கு.

கிழங்கு கலப்பை போல இரு கிளையாக இருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்ததே. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. அது ஒடிந்தால் கிழங்கு எவ்வளவு பெருத்திருந்தாலும் முளைக்காது. கிளுவை வேருக்கும் கல்லுக்கும் இடையே கடப்பாரை போட்டு நெம்பும்போது முதலில் ஒடிவது இந்த முளைக்கண்தான். பத்துக் கிழங்கு தோண்டி நாலு முளைத்தால், மீதி ஆறும் வேலிக்கும் இல்லை, தோட்டத்துக்கும் இல்லை. விதை விழுந்து அந்த இடத்தில் மறுபடி பூக்கும் கொடி வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரே கிழங்கைப் பிரித்துப் பிரித்து நடும் தோட்டத்தில் நோய் வந்தால் எல்லாக் கொடிக்கும் ஒன்றாக வரும். பலவகைக் குணமுள்ள கொடிகள் மிஞ்சியிருப்பது வேலியிலும் கரட்டிலும்தான். நாளை அழுகலைத் தாங்கும் ரகம் வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தேடி எடுக்க வேண்டும்.

சிறு விவசாயி கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் இறங்குவதும் சரியல்ல. விதைக்கு உள்ளூரில் உபயோகம் இல்லை. கால்ச்சிசின் என்னும் மருந்துப் பொருளுக்காக வெளியே போகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையும் கிடையாது. வாங்குபவர் சிலரே, விலையும் அவர்கள் சொல்வதே. ஒரு சென்ட்டில் தொடங்குவதே உத்தமம். வரிசைக்கு வரிசை 2 அடி, கொடிக்குக் கொடி 1½ அடி விட்டால் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 145 கிழங்கு பிடிக்கும். 50 கிராம் எடையில் 7 கிலோ போதும். ஒரு கிழங்கு அந்தப் பருவத்தில் இரு கிளையுள்ள புதுக் கிழங்கைத் தரும். அழுகல் போக மிஞ்சுவதைக் கண் ஒடியாமல் பிரித்து நட்டுவந்தால், மூன்று நான்கு பருவங்களில் சொந்த வித்துக் கிழங்கு கையில் இருக்கும். மெதுவான வழிதான். ஆனால் விலை விழுந்த ஆண்டில் தூக்கம் கெடாது.

நடவு ஆனி, ஆடியில். நீர் வடியும் செம்மண் நல்லது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். கொடியின் இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறும்; பிடிமானம் கிடைத்தால் 10 அடி வரைகூடப் போகும். காய்ந்த விராலி மார் நட்டுவிடலாம். கிளுவை வேலி ஓரமாக ஒரு வரிசை நட்டால் அந்தச் செலவும் இல்லை. பூவில் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலை 8 மணி முதல் 11 மணிக்குள் கையால் மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் பூ பூக்கும், காய் பிடிக்காது. ஒரு சென்ட் என்றால் வீட்டு ஆட்களே செய்துவிடலாம். கூலி ஆள் தேட வேண்டியதில்லை. நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் அறுவடைக்கு வரும்.

எச்சரிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கொடி முழுவதும் நஞ்சு. கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. வீட்டுத் திண்ணையிலோ, சர்க்கரைவள்ளி வைக்கும் மூலையிலோ விதைக் கிழங்கைக் குவிக்கக் கூடாது. சிறு பிள்ளைகள், ஆடு மாடுகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். கிழங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். யாராவது தின்றுவிட்டால் வாந்தி, பேதி தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். ஒன்றும் இல்லையே என்று காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கிழங்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி உடன் எடுத்துச் சென்றால் டாக்டருக்கு உதவும்.

வேலியில் ஏற்கெனவே இருக்கும் கொடிகளில் நாலைந்து காய்களையாவது பறிக்காமல் விடலாம். அவை முற்றி வெடித்துச் சிவந்த விதைகள் கிளுவைத் தூரிலேயே விழட்டும்.