மெயிலாசம்

ஈமெயிலையும் அட்ரஸையும் ஒட்டி ஆங்கிலத்தில் 'எட்ரஸ்' என்று ஒரு கொச்சைச் சொல் உண்டு. பெரிதாக எடுபடவில்லை. அட்ரஸ் என்று சொல்ல வந்து நாக்குத் தடுக்கின மாதிரி இருந்தால் எப்படி எடுபடும்? நம்மிடம் 'மின்னஞ்சல் முகவரி' இருக்கிறது. படிவத்தில் எழுதலாம், வாயில் வராது. அதோடு கண்டிப் பக்கம் நமக்கு முகவரியை விட விலாசம்தான் பழக்கம். மெயிலும் விலாசமும் சேர்த்தால் மெயிலாசம். நாங்கள் பகிடியாகச் சொல்லத் தொடங்கியது, இப்போது எங்களுக்குள் அதுதான் பெயர்.

பகிடி ஒரு பக்கம். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்து லயங்களில் பிறந்த பலருக்கு வேறு சொந்த விலாசமே இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துரை இதே கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தத் தேயிலை உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. கொழுந்து பறித்தவர்களின் கதவுக்கு ஒரு இலக்கம் வரவில்லை. உறையில் பெயர், டிவிசன், தோட்டம், அவ்வளவுதான். ஒரே டிவிசனில் நாலு செல்வராணி இருந்தால் என்ன செய்வது? பல தோட்டங்களில் கடிதம் முதலில் ஆபிசுக்குப் போகும், பிறகு யார் கையிலாவது லயத்துக்கு வரும். எங்களில் ஒருத்திக்கு இன்டர்வியூ கடிதம் கிடைத்தது, இன்டர்வியூ முடிந்து ஒன்பதாம் நாள்.

மெயிலாசம் அப்படியில்லை. அதே மெயிலாசம் உலகத்தில் இன்னொருவருக்கு இருக்க முடியாது. 1971இல் ரே டொம்லின்சன் பெயருக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவே அந்தச் சுழித்த 'அட்' குறியைப் போட்டார்: இன்னார், இன்ன இடத்தில். லய விலாசமும் அதே வடிவம்தான், ஆனால் இதற்கு நடுவில் துரை ஆபிஸ் இல்லை.

இல்லை என்று சொல்லவும் முடியாது. ஓ.எல். எழுதிய பிள்ளை கொமியூனிகேசன் கடைக்குப் போய், "அண்ணே, ஒரு மெயில் போட்டுத் தாங்க" என்கிறது. அவரும் நல்ல மனசோடு போட்டுத் தருகிறார். போன் நம்பர் அவருடையது, பாஸ்வேர்ட் அவருடைய கொப்பியில். கடை மாறினால் மெயிலாசமும் போச்சு. இதை முதலில் நாமே, பிள்ளையின் கையாலேயே திறக்கச் சொல்லிக் கொடுக்கவேணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இன்னொன்று. மெயில் இருக்கே, இனி வீட்டு இலக்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் தலையாட்டாதீங்க. பேங்க் கடிதமும் கோர்ட் கடிதமும் இன்னும் தபாலில்தான் வருகின்றன.