மருத்துவரும் விளம்பரமும்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் அண்மையில் ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். முழங்கால் வலியால் வருந்தும் அவ்வீட்டு மூதாட்டிக்கு அறுவை செய்வதா, வேண்டாமா என்று குடும்பமே கூடிப் பேசிக்கொண்டிருந்தது. சென்னையில் பணிபுரியும் பேரன் கைப்பேசியில் ஒரு காட்சி அனுப்பியிருந்தான். அறுவை முடிந்த ஒருவர் மூன்றாம் நாளே மாடிப்படி ஏறுகிறார், அருகில் மருத்துவர் புன்னகையுடன் நிற்கிறார், பின்னணியில் இன்னிசை. பல்லாயிரவர் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தனர். "இத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்களே ஐயா, நல்ல மருத்துவராகத்தானே இருப்பார்?" என்று மகன் நம்மிடம் வினவினார். நகையை அடகு வைப்பது பற்றிய பேச்சுகூட முடிந்திருந்தது.

மருத்துவத் தொழிலில் விளம்பரத்துக்கு எத்துணை இடமுண்டு என்பதை நம் குடும்பங்களுள் பல அறியா. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டில் வகுத்த ஒழுக்க விதிகளின்படி, நோயாளிகளைத் தம்பால் இழுக்க மருத்துவர் நேராகவோ மறைமுகமாகவோ முயலலாகாது. தொழில் தொடங்கும்போது, முகவரி மாறும்போது, சில நாள் பணியில் இராதபோது, திரும்பி வரும்போது பத்திரிகையில் அறிவிக்கலாம், கட்டணத்தையும் வெளியிடலாம். பெயர்ப்பலகைகூட அளவு மீறிப் பெரிதாயிருத்தலாகாது. பெயர், பட்டம், சிறப்புத்துறை, பதிவு எண் போன்றவற்றுக்கு மேல் அதில் எழுதலாகாது. மருந்துக்கடையில் பலகை மாட்டுவதும் முறையன்று. (நம் கடைத்தெருக்களை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.)

ஆயினும் மருத்துவர் வாய்மூடி இருக்கவேண்டும் என்பதில்லை. பொதுச் சுகாதாரம் பற்றித் தம் பெயரிலேயே எழுதவும், வானொலி, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றில் பேசவும் அவ்விதிகளே இடமளிக்கின்றன. டெங்குக் காய்ச்சலைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் எளிய தமிழில் விளக்கும் மருத்துவர்கள் நற்பணியே புரிகின்றனர். அத்தகைய பேச்சில் நோய் முன்னே நிற்கும், மருத்துவர் பின்னே நிற்பார். அவ்வரிசை மாறும்போதுதான் நமக்கு ஐயம் எழுகிறது.

தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2-ஆம் நாள் புதிய விதிகளை வெளியிட்டது. குணமடைந்தவரின் படத்தைக் காட்டலாகாது. நோயாளியிடம் பாராட்டுரை கேட்டு வெளியிடலாகாது. விருப்பக்குறிகளையும் பின்தொடர்வோரையும் விலைக்கு வாங்கலாகாது என்றெல்லாம் அவற்றில் கண்டிருந்தது. அவை விலைக்குக் கிடைக்கும் என்பதையே அவ்வீட்டார் அன்றுதான் அறிந்தனர்! மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுதவேண்டும் என்ற விதிக்கு மருத்துவர்களிடையே கடும் எதிர்ப்பு எழவே, அம்மாத இறுதிக்குள் புதிய விதிகள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட்டன. 2002 விதிகளே தொடர்ந்தன. அவையும் மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். நெடுஞ்சாலையில் மாபெரும் பலகை வைக்கும் மருத்துவமனை நிறுவனத்தின்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அவற்றால் இயலாது. அருகிலுள்ள பெருமனை இவ்வாறு முழங்கும்போது, சிற்றூரில் அமைதியாகத் தொழில் செய்யும் மருத்துவர் என்ன செய்வார்? அவர்பால் நமக்கு இரக்கம் உண்டு.

எனினும் நோயாளியின் முகம் விற்பனைச் சரக்கன்று. தம் உயிரையே ஒருவர் கையில் ஒப்படைத்துப் படுத்திருப்பவர், "படம் எடுக்கலாமா?" என்று அவரே கேட்கையில் மறுப்பது எங்ஙனம்? மேலும், அறுவைக்குப் பின்னும் வலி தீராதவரை எவரும் படம் எடுப்பதில்லை. இதை நாம் விளக்க முயன்றுகொண்டிருக்கையில் மூதாட்டியே குறுக்கிட்டார்: "ஏறுறதைக் காட்டுறாங்க. இறங்குறதைக் காட்டலையே?" முழங்கால் வலி கண்டவர்களுக்குத் தெரியும், படி இறங்குவதுதான் பெரும்பாடு என்பது.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு உள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதலாகாது என்கிறது அது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் அவ்வூரார் கேட்ட கணக்கை நாமும் மருத்துவரிடம் கேட்கலாமே என்றோம். நாட்காட்டித் தாளின் பின்புறம் மகன் எழுதத் தொடங்கினார்: இவ்வறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? எத்தனை பேருக்கு மீண்டும் செய்ய நேர்ந்தது? செய்யாவிடில் என்ன ஆகும்? உடற்பயிற்சியும் மருந்தும் போதாவா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா? பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்க்கும் பொறுப்பைப் பேரனிடம் விட்டனர்.

நகை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தையும் அத்தாளையும் எடுத்துக்கொண்டு, முதலில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவரப் போவதாகக் கூறினர்.