நிக்கல் பாகங்களும் உப்புக் காற்றும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாள்களில், நம் இல்லங்களின் வாசலில் நிற்கும் வண்டிகளைச் சற்று உற்று நோக்குங்கள். ஹேண்டில்பாரின் வளைவிலும், மட்கார்டின் விளிம்பிலும், சக்கரத்தின் ரிம்மில் கம்பிகள் நுழையும் இடங்களிலும் கடுகளவான பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருக்கும். சிலர் அவற்றைக் கண்டும் காணாதவர் போல் விட்டுவிடுவர். வேறு சிலர் ஆத்திரத்துடன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவர். இவ்விருவருள் வண்டிக்கு அதிகக் கேடு செய்பவர் இரண்டாமவரே என்பது நம் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குரோமியம் துருப்பிடிப்பதில்லை, துரு என்பது இரும்புக்கே உரியது. 1797ஆம் ஆண்டில் லூயி நிக்கோலா வோக்லேன் என்ற பிரெஞ்சு வேதியியலறிஞர் கண்டறிந்த உலோகம் இது. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக் கொடியைக் கண்ட நம் காரைக்கால் பகுதிக்கு இச்செய்தி சற்று உவப்பளிக்கக்கூடும். வாகனங்களின் மீது இதைப் பூசும் வழக்கம் 1920களில் மேல்நாடுகளில் பரவியது. நம் நாட்டில், 1955இல் தொடங்கித் திருவொற்றியூரில் உருவாகி வந்த என்ஃபீல்டு புல்லட்டும், 1960களில் மைசூரிலிருந்து வந்த ஜாவாவும், எண்ணற்ற மிதிவண்டிகளும் இப்பளபளப்பை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன.

இப்பூச்சின் அமைப்பை அறிந்தவர் அதனிடம் முரட்டுத்தனம் காட்டமாட்டார். மேலே தெரியும் குரோமியப் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவான தடிப்புடையது. அதாவது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு. அதன் கீழே பத்து முதல் முப்பது மைக்ரான் வரை நிக்கல். அதற்கும் கீழேதான் இரும்பு. குரோமியம் கீறல் விழாமல் காத்து நீலச்சாயலுடன் மின்னுகிறது. நீரையும் காற்றையும் இரும்பை அண்டவிடாமல் தடுப்பது நிக்கலே. நம் ஊர்களில் இப்பாகங்களை "நிக்கல்" என்றே சொல்கிறார்கள். படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். வேலை செய்வது எதுவோ அதன் பெயரைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

இனி, ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நிக்கலும் குரோமியமும் அவ்வாறு செய்வதில்லை. அவற்றில் ஊசிமுனையளவு துளை விழுந்து ஈரமும் உப்பும் சேர்ந்துவிட்டால், அந்த ஒரு புள்ளியில் இரும்பே விரைந்து அரிக்கப்படும். உருவாகும் துருவோ, அழிந்த இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைப்பது. ஆகவே அது பூச்சை உள்ளிருந்து மேலே தள்ளிக் கொப்புளமாக்கி உரித்தெடுக்கிறது. மேலே கடுகளவு தெரியும்போது கீழே அதைவிட அகலமாகப் பரவியிருக்கலாம்.

குரும்பகரம் வயல் சூழ்ந்த ஊர். வீட்டு வாசலிலிருந்து கடல் தெரியாது. ஆயினும் உப்பு நம்மைத் தேடி வருகிறது. கடற்காற்று துளித்துளியாக உப்பைச் சுமந்து வரும். கரைக்கு அருகில் மிகுதியாகவும், உள்ளே வர வர வெகுவாகக் குறைந்தும் அது படியும். ஆனால் காரைக்கால் கடற்கரைக்கும் துறைக்கும் நாள்தோறும் சென்று திரும்பும் வண்டிக்கு உள்ளூர், கரையூர் என்ற வேறுபாடு ஏது? கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற ஊர்களிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பெட்டியிலிருந்து ஒழுகும் பனிக்கட்டி நீரும் உப்பும் பின்சக்கரத்தின் மீதே சொட்டுகின்றன. கடலுப்பின் இயல்பு யாதெனில், காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வது. மழையே பெய்யாத நாளிலும் இரவில் அது கசிந்து, உலோகத்தின் மீது உவர்நீர்ப் படலமாக நிற்கும்.

எனவே மருந்துகளில் முதன்மையானது நல்ல தண்ணீர். வாரம் ஒருமுறையேனும், கடற்கரைக்குச் சென்று வந்த அன்று கட்டாயமாகவும், உவர்ப்பில்லாத நீரால் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருக்குமானால் அதனால் கழுவிக் காயவிடுவதில் பயனில்லை. மட்கார்டின் உட்புறத்தை எவரும் கழுவுவதில்லை. வயற்சேறு அங்கேதான் ஒட்டி, நாள்கணக்கில் ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

புள்ளிகள் தோன்றிவிட்டனவா? முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இக்காலத்து வண்டிகளில் பளபளக்கும் பாகங்கள் பல பிளாஸ்டிக்கின் மீது பூசப்பட்டவை; காந்தம் ஒட்டாது, துருவும் வராது. அவற்றை ஈரத்துணியால் துடைப்பதே போதும். காந்தம் ஒட்டும் பாகமாயின், சோப்பு நீரால் கழுவிய பின், அலுமினியத் தாளைக் கைப்பிடியளவு கசக்கி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கலாம். பிரியாணிப் பொட்டலத்தைச் சுற்றி வரும் தாளே போதுமானது. அலுமினியம் குரோமியத்தை விட மிக மென்மையானது. ஆதலின் பூச்சைக் கீறாது, மேலே தளர்ந்து நிற்கும் துருவை மட்டும் வழித்தெடுக்கும். கருநிறக் குழம்பு ஒன்று திரளும். அதைத் துடைத்துக் கழுவிவிட வேண்டும். பிடிவாதமான புள்ளிக்கு, வினிகரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் வைத்து எடுக்கலாம். எலுமிச்சையும் புளியும் அத்தகையனவே. எப்புளிப்பாயினும் உடனே கழுவாவிட்டால் அதுவே புதுத் துருவுக்கு வித்தாகும்.

பாத்திரம் துலக்கும் முரட்டுக் கம்பி நாரும் உப்புத்தாளும் ஆகா. அவற்றைவிடக் கொடியது கழிவறை கழுவும் ஆசிட். ஒரு நொடியில் துரு மறைவதைக் கண்டு பலர் மயங்குகின்றனர். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைக்க வல்லது. துளையினுள் புகுந்து தங்கிய குளோரைடு அடுத்த வாரமே இரும்பை முன்னிலும் வேகமாக அரிக்கும். பட்டறைகளில் சிலர் இதைப் பரிந்துரைப்பதையும் கேட்டிருக்கிறோம். வண்டியின் பேரில் அக்கறை உடையோர் அதற்கு இணங்கலாகாது.

பூச்சு உரிந்துபோன இடத்தில் மேற்கூறியவை எதுவும் பலிக்கா. உரிந்த விளிம்பு பிளேடு போல் கையைக் கிழிக்கும், குழந்தைகளை நெருங்கவிடாதீர்கள். மீண்டும் முலாம் பூசுவதற்கு நகரங்களில் பட்டறைகள் உண்டு. அங்கே குரோமிக் அமிலத் தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளைச் சுவாசிக்கும் தொழிலாளியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறு இணைதிறன் கொண்ட அக்குரோமியம் தோலில் ஆறாப் புண்ணையும், மூக்கின் நடுச்சுவரில் துளையையும் உண்டாக்குவது. புற்றுநோய் விளைவிப்பதென ஐயமின்றி வகைப்படுத்தப்பட்டது. இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற இரண்டு இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, அப்பகுதி நிலத்தடி நீரைக் கெடுத்த கதை யாவரும் அறிந்ததே. நாம் தேய்த்துக் காப்பாற்றும் ஒவ்வொரு ஹேண்டில்பாரும் அத்தொட்டிக்குள் செல்லாத ஒன்று. முலாம் பூசத்தான் வேண்டுமெனில், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும், தொழிலாளர்க்குக் கையுறையும் உள்ள பட்டறையைத் தேடுங்கள். சில ரூபாய் கூடுதலாகக் கேட்பின் கொடுங்கள்.

துரு நீங்கிய இடத்தை அன்றே மூடிவிட வேண்டும். துளைகள் மறைவதில்லை, திறந்தே இருக்கின்றன. கார்களுக்குப் பூசும் மெழுகை மெல்லிய படலமாகத் தடவி, காய்ந்தபின் துணியால் மெருகேற்றினால் மழைநீர் உருண்டோடும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் பூசுதல் நலம். வாசலினும் உதவும். தேங்காய் எண்ணெயை நாம் விரும்புவதில்லை. அது புழுதியைப் பிடித்து, நாளடைவில் பிசினாகிவிடும். சைலன்சரில் மெழுகு நிற்காது, எரிந்து கறையாகும். அதன் வளைவில் காணும் நீலமும் மஞ்சளும் வெப்பத்தால் வந்த நிறமேயன்றித் துருவன்று.

ரிம்மைப் பற்றி இரு வார்த்தை. கம்பிகள் நுழையும் இடத்தில் துரு தடித்துச் செதில் செதிலாக உதிருமானால் அது அழகு பற்றிய காரியம் அன்று. பாரம் தாங்கும் இரும்பு மெலிகிறது என்பதாகும். டயரைக் கழற்றி உட்புறத்தையும் பார்த்து, ஐயமிருப்பின் மாற்றிவிடுங்கள். மிதிவண்டியிலோ பிரேக் கட்டை ரிம்மையே பற்றி நிறுத்துகிறது. பழைய கம்பி பிரேக் வண்டிகளில் அது உட்புறத்தில் பற்றும். அவ்விடத்தில் மெழுகோ எண்ணெயோ ஒரு துளியும் படலாகாது. பட்டுவிட்டால் சோப்பு நீரால் நன்கு கழுவி, வீட்டு வாசலிலேயே இரண்டு முறை பிரேக்கை அழுத்திப் பார்த்த பின்னரே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.