பூச்சி யாருடையது?

சாஃப்ட்வேர்காரர் தப்புப் பண்ணினால் அதற்குப் பெயர் 'அப்டேட்'. ராத்திரியோடு ராத்திரியாக உங்கள் போனில் இறங்கிவிடும். காலையில் 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒரு வரி. எந்தப் பிழை, யார் செய்தது? மூச்!

எலெக்ட்ரானிக்ஸ்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை பிளஸ், மைனஸ் மாற்றிப் பொருத்தினால் 'டப்'பென்று வெடித்து, நாற்றத்தோடு ஊருக்கே சொல்லிவிடும். சிப்பில் பொறித்த தப்போ கல்வெட்டு மாதிரி.

1994-ல் இன்டெல் பட்டது அந்தப் பாடுதான். பென்டியம் சிப்புக்குள் வகுத்தல் போடுகிற அட்டவணையில் சில இடங்கள் விட்டுப்போயிருந்தன. கண்டுபிடித்தவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. சாதாரண ஆளுக்கு 27,000 வருஷத்துக்கு ஒரு தடவைதான் கணக்கு தப்பும் என்று கம்பெனி சமாதானம் சொல்லிப் பார்த்தது. கணக்கு தப்புகிற கம்ப்யூட்டரை எந்த வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? டிசம்பரில் இறங்கிவந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித் தர ஒப்புக்கொண்டது. கணக்கில் எழுதிய செலவு 47.5 கோடி டாலர்!

அதற்குள் சாஃப்ட்வேர்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தப்பைச் சுற்றிக்கொண்டு போக நாலு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். (நாலுக்கு மேலேயே இருக்கும். டீயும்தான்.)

'பக்' என்ற வார்த்தையைக்கூட இன்று அவர்கள்தான் சொந்தம் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1947-ல் ஹார்வர்டின் மார்க் 2 கம்ப்யூட்டரில் நிஜமான விட்டில் பூச்சி சிக்கிக் கிடந்தது ரிலேயில். சுத்த ஹார்டுவேர். டேப் போட்டு ஒட்டிய அந்த நோட்டு இன்றும் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது, பூச்சியோடு.