இழைத்த தீங்கு

தமிழில் ‘இழைத்தல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தச்சர் பலகையை இழைக்கிறார். தீயவன் தீங்கு இழைக்கிறான். இந்த இரண்டு காரியங்களையும் ஒரே சமயத்தில், ஒரே இயந்திரத்தைக் கொண்டு செய்து முடிக்கலாம் என்பதை இந்தக் காலத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். பழைய வீட்டு மரத் தரையை ‘மீட்டெடுப்பது’ என்று அதற்குப் பெயர்.

தமிழ்நாட்டில் மரத் தரை ஏது என்று வாசகர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நம்முடைய தரை சாணம் மெழுகிய மண் தரை. வசதி வந்தால் செங்கல், சுண்ணாம்பு, சிவப்புச் சிமெண்டு, ஆத்தங்குடிக் கல். உண்மைதான். ஆனால் மாடியை மறந்துவிடாதீர்கள். மச்சு வீடு என்று சொல்கிறோமே, அந்த மச்சு என்பது என்ன? உத்தரத்தின்மேல் பாவிய பலகை. கீழே படுத்திருப்பவனுக்கு அது கூரை. மேலே நடப்பவனுக்கு அது தரை. செட்டிநாட்டிலும் கேரளத்திலும் அப்படிப்பட்ட பலகைகள் இன்னும் இருக்கின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் குளிருக்காக அறைக்குள் தரையே பலகையாகப் போட்டார்கள். ஆகவே விஷயம் நம்முடையதுதான்.

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே மரத் தரை மோகம் இரண்டு விதமாகப் பரவியிருக்கிறது. முதல் வகை அடுக்கு மாடிகளில். மரத்தூளையும் நாரையும் பசையோடு சேர்த்து அழுத்திய அட்டை. அதன்மேல் மரத்தின் போட்டோ அச்சடித்த காகிதம். அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அந்தப் படத்தில் ரேகை உண்டு, முடிச்சும் உண்டு. பத்து பலகைக்கு ஒரு தரம் அதே முடிச்சு திரும்பவும் வரும்! ஆனாலும் இந்த வகையோடு எனக்குச் சண்டை இல்லை. வேஷம் போடுகிறவன் தன் காசில் வேஷம் போடுகிறான். யாருடைய முகத்தையும் உரித்தெடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வகைதான் பொல்லாதது. அதற்கு நிஜமான பழைய மரம் வேண்டும். சாலையிலிருந்து சற்று உள்ளே தனி வீடு கட்டிக்கொண்ட என் நண்பர் ஒருவர், தெற்கே எங்கோ இடித்த வீட்டின் மச்சுப் பலகைகளை லாரியில் கொண்டுவந்து மாடியில் பாவினார். பர்மா தேக்கு. இதுவரை நல்ல காரியம். விறகாகப் போக வேண்டியது பிழைத்தது. பிறகு ஓர் ஒப்பந்தக்காரர் உருளை இயந்திரத்தோடு வந்தார். இரண்டே நாளில் தரை நேற்று அறுத்த மரம் மாதிரி மஞ்சளாகிவிட்டது. அதன்மேல் ரசாயன வார்னிஷ் மூன்று கை. “பார்த்தீர்களா ஸார், நூறு வருஷத்து அழுக்கு அத்தனையும் போய்விட்டது!” என்றார் நண்பர். போனது அழுக்கு மட்டுமல்ல, அந்த நூறு வருஷமும்தான் என்று நான் சொல்லியிருந்தால் சிற்றுண்டி கிடைத்திராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த இயந்திரம் செய்கிற வேலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முரட்டு உப்புத்தாள் சுற்றிய உருளையில் தொடங்கித் தரையை ஒரு தரம் முழுக்க இழைத்து முடித்தால் பலகையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடலாம். கை கொஞ்சம் தாமதித்தால் பள்ளமே விழும். நாக்கும் காடியுமாகக் கோத்த பலகையில், நாக்குக்கு மேலே இருக்கும் மரம் ஆறேழு மில்லிமீட்டர்தான். அதுவும் தேய்ந்துவிட்டால் விளிம்பு உடைந்து பலகைக்கே ஆயுள் தீர்ந்தது. நூறு ஆண்டு நடந்து தேயாததை இரண்டு நாளில் தேய்த்துவிட்டு, அதற்குக் கூலியும் கொடுத்து, ‘காப்பாற்றினோம்’ என்று கிருகப்பிரவேசம் வேறு செய்கிறோம்!

இந்தத் தேக்குக்கு மாற்றும் சுலபத்தில் இல்லை. பர்மா என்னும் இன்றைய மியன்மார், முழு மரத்தை அறுக்காமல் ஏற்றுமதி செய்வதை 2014-ல் தடை செய்துவிட்டது. வருஷம் வருஷமாக மெல்ல வளர்ந்து நெருங்கிய ரேகை விட்ட காட்டு மரம் வேறு. அவசரமாக வளர்த்து வெட்டும் தோட்டத்து மரம் வேறு. நம் பழைய பலகையில் இழைத்துத் தள்ளுகிற தூளை மறுபடி வாங்க எந்தக் கடைக்கும் போக முடியாது.

இந்த வியாதி சீமையில் நமக்கு முன்பே வந்தது. அங்கே பழைய வீடுகளில் தேக்கு கிடையாது, பைன் மரம். ரீகா, மேமல், டான்சிக் முதலிய பால்டிக் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக வந்த பைன். நாவலூர்ப் பக்கத்துத் தச்சர்களுக்கும் பைனைத் தெரியும். வெளிநாட்டு இயந்திரங்களைக் கட்டிவரும் பெட்டியை உடைத்தால் கிடைக்கிற வெளிறிய மரம் அது. பெட்டிமரந்தானே என்று நாம் ஏளனம் செய்கிறோம். ஆனால் குளிர்நாட்டுக் காட்டில் நிதானமாக வளர்ந்த பழைய பைனின் அழகே தனி. ஒவ்வொரு வருஷ வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த பகுதி மெத்து, கோடையில் வளர்ந்த பகுதி கடினம். மனிதர் நடக்க நடக்க மெத்தானது தேயும், கடினமானது நிற்கும், முடிச்சுகள் சிறு குன்று மாதிரி மேலே எழும். வெளிச்சமும் காற்றும் பட்டு அதன் வெளிர் நிறம் தேன் நிறமாகும். இந்த மேடு பள்ளத்தைச் செய்யத் தெரிந்த கருவி கால் ஒன்றுதான். உருளை இயந்திரத்தைப் பைன்மேல் ஓட்டினால் முதலில் போவதும் இதுதான்.

1877-ல் வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர் லண்டனில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். கோயில்களையும் மாளிகைகளையும் ‘பழைய நிலைக்கே கொண்டுவருகிறோம்’ என்று சொல்லி மேற்பூச்சைச் சுரண்டி அழித்த நிபுணர்களை எதிர்க்கத்தான் அந்தச் சங்கம். ஜனங்கள் அதற்குச் ‘சுரண்டாதே சங்கம்’ என்கிற பொருளில் ஒரு செல்லப் பெயரே வைத்தார்கள். அவர் கொள்கை எளிது: தினசரி பராமரிப்பால் அழிவைத் தள்ளிப்போடு, காலம் எழுதியதை அழித்துவிட்டு உன் ஊகத்தை எழுதாதே.

கவிஞர் பேச்சு கட்டடத்துக்கு உதவாது என்று நினைக்கிறவர்கள் நம் கோயில்களை நினைத்துக்கொள்ளட்டும். குடமுழுக்கு என்றவுடன் கல் தூணும் சுவரும் பளிச்சென்று தெரியவேண்டும் என்று மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தார்கள். தூண் பளிச்சென்றுதான் ஆயிற்று. சிற்பத்தின் மூக்கு மழுங்கிற்று. சோழன் வெட்டிவைத்த கல்வெட்டில் எழுத்து மழுங்கிற்று. பிறகு அறநிலையத் துறையே அந்த முறையைத் தடை செய்ய வேண்டிவந்தது. கல்லுக்கே இந்தக் கதி என்றால் மரத்துக்குச் சொல்ல வேண்டுமா? ஏட்டுச் சுவடி பழுப்பேறியிருக்கிறது என்று யாராவது சுரண்டி வெள்ளையாக்குவார்களா? தொட்டில் ஆடிய இடம், நெற்பெட்டி நின்ற இடம், வாசற்படி ஓரத்தில் கால் திரும்பித் திரும்பித் தேய்ந்த இடம் எல்லாம் பலகையில் எழுதியிருக்கின்றன. நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த எழுத்தின்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இப்போது எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருகிறேன்.

“குழந்தை காலில் சிலாம்பு ஏறுகிறதே?” ஏறினால் ஏறுகிற இடத்தைக் கையால் சீவுங்கள். ஒரு சாண் இடத்துக்காக ஒரு வீட்டுத் தரையை உரிப்பானேன்? குழந்தைகளின்மேல் அக்கறை இருந்தால், இழைக்கிறபோது கிளம்பும் தூளைப் பற்றியும் கவலைப்படுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அது தூளானால் நஞ்சு. மரத்தூளையே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் வகைப்படுத்தியது. அதை நெஞ்சு நிறையச் சுவாசிப்பவன் வீட்டுக்காரன் அல்ல. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தைப் பிடித்திருக்கும் கூலிக்காரப் பையன்.

“ஜப்பானில் ஈசே என்ற ஊர்க் கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு முறை புது மரத்தில் அப்படியே திருப்பிக் கட்டுகிறார்களே, அவர்களுக்குப் பழமை தெரியாதா?” இது நல்ல கேள்வி. கடைசியாக 2013-ல் கட்டினார்கள். ஆனால் அங்கே புதுப்பிப்பது எதற்காக? கிழத் தச்சர் இளந்தச்சருக்குக் கையோடு கைவைத்துச் சொல்லிக்கொடுக்க இருபது வருஷத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. மரம் புதிது, கை பழையது. கழற்றிய மரமும் வேறு கோயில்களுக்குப் போகிறது. நானும் அதைத்தான் சொல்கிறேன்: பலகையைக் காப்பாற்றுங்கள், அல்லது கையைக் காப்பாற்றுங்கள். உருளை இயந்திரம் பலகையையும் தின்கிறது. தச்சரையும் வீட்டுக்கு அனுப்புகிறது.

இரண்டையும் ஒருங்கே காப்பாற்ற முடியும் என்பதற்குச் சாட்சி தேடி ஜப்பானுக்குப் போக வேண்டாம். நாவலூருக்குத் தென்கிழக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-ல் அதைத் திறந்தது. இடிபடவிருந்த தமிழ்நாட்டு, கேரளத்து வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து, அந்த அந்த வட்டாரத்து வேலைக்காரர்களைக் கொண்டே திரும்ப எழுப்பினார்கள். அங்கே போகிறவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதோடு நிற்காமல், மரங்களின் மேற்பரப்பைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். பழைய மரம் பழைய மரமாகவே இருக்கலாம் என்ற தைரியம் வரும்.

சரி, தரையை என்னதான் செய்வது? முதலில் பெருக்குங்கள்; ஈரத்துணியால் துடையுங்கள்; வாளித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். தூக்கிக்கொண்டிருக்கும் ஆணியைத் தட்டி இறக்குங்கள். பலகைக்கு அடியில் கரையான் இருக்கிறதா, காற்று போகிறதா என்று பாருங்கள். உளுத்துப்போன இடத்தை மட்டும் வெட்டி, அதே வயது மரத்தில் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். அதற்கான துண்டு பீரோவுக்கு அடியிலேயே கிடைக்கும். இடுக்குகளையெல்லாம் சித்திரை வெயிலில் அடைத்துவிடாதீர்கள். கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மரம் ஊதும். இடம் இல்லாவிட்டால் பலகை எழும்பும். கடைசியில் அரக்குப் பாலிஷோ, ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகுமோ போதும். ஓரிடத்தில் மங்கினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். ரசாயன வார்னிஷ் கீறினால் பெரும்பாலும் முழுத் தரையையும் திரும்ப இழைக்க வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள்.

இவ்வளவுக்கும் தச்சர் ஒருவருக்குப் பத்து நாள் வேலை இருக்கும். இயந்திரத்துக்கு இரண்டு நாள். அந்த எட்டு நாள் கூலியை மிச்சப்படுத்தத்தான் ஒரு நூற்றாண்டைத் தூளாக்கிச் சாக்கில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம்.

ஆகையால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உருளை இயந்திரத்தோடு யாராவது வாசலில் வந்து நின்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்தப் பலகை எத்தனை கனம்?” பலகை ஒன்றைக் கிளப்பி அளந்து பார்த்துப் பதில் சொல்கிறவராக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். அளக்காமலே இயந்திரத்துக்கு மின்சாரம் எங்கே என்று கேட்கிறவராக இருந்தால், நல்ல காபியாக ஒரு தம்ளர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.